முதல் வரியில் எந்த ஊர்

பட்டியலை மூடுவதற்குப் பதினெட்டு மணி நேரம் இருந்தது. நள்ளிரவு தாண்டிவிட்டால் கிரேக்கக் கல்வி அமைச்சகத்தின் இணையதளம் யாருக்கும் திறக்காது. காலை ஆறு மணிக்கு, ஒரு காலில் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு சமையலறையில் நின்றபோது கலியோப்பி இதை எண்ணினாள். இன்னொரு செருப்பு எங்கே போனது என்று தேடத் தெம்பு இல்லை. அந்நேரத்துக்கே வெயில் ஜன்னல் கம்பியைச் சுட வைத்திருந்தது.

மகள் அரெத்தி என்ன படிக்கப் போகிறாள் என்பதில் வீட்டில் யாருக்கும் சந்தேகம் இல்லை. உடற்பயிற்சி அறிவியல். எழுத்துத் தேர்வு முடிந்து, ஓட்டம், குண்டு எறிதல், நீச்சல் என்று செய்முறைத் தேர்வும் முடிந்து, மதிப்பெண்ணும் வந்துவிட்டது. நல்ல மதிப்பெண். மிச்சம் இருந்தது ஒரே வேலை. அந்தப் படிப்பு நடக்கும் ஊர்களை விருப்ப வரிசையில் போட வேண்டும். முதல் வரியில் இருக்கும் ஊருக்கு மதிப்பெண் போதுமானால் அங்கேயே இடம் கிடைத்துவிடும். அதற்குக் கீழே எழுதியதை யாரும் பார்க்க மாட்டார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை வரை முதல் வரியில் தெசலோனிகி இருந்தது. அன்று மதியம் அரெத்தி அதை இரண்டாவது வரிக்கு இறக்கிவிட்டு, முதலில் திரிகலா என்று போட்டாள். திரிகலா அவர்கள் குடியிருக்கும் ஊர். கல்லூரி வீட்டிலிருந்து சைக்கிள் தூரம். காரணம் கேட்டதற்கு இங்கேயும் அதே பட்டம்தானே என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள்.

அந்த வீட்டில் நாலு வருடம் இருப்பதற்காக அவள் அந்த வரியை மாற்றியிருந்தாள். அப்படி ஒரு வீடு ஆகஸ்டுக்குப் பிறகு இருக்கப் போவதில்லை என்பது அவளுக்குத் தெரியாது.

பிப்ரவரி மாதம் ஒரு மாலை, காரை ஆற்றங்கரையில் நிறுத்தி அதற்குள்ளேயே உட்கார்ந்து, கலியோப்பியும் கணவன் ஸ்டெர்யோஸும் பேசி முடித்தார்கள். சண்டை எதுவும் இல்லை. சண்டைக்கான பலம் அதற்கு முந்தைய வருடமே தீர்ந்திருந்தது. அவன் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர். வோலோஸுக்கு மாற்றல் கேட்டிருந்தான், கிடைத்துவிட்டது. வாடகை வீட்டின் சாவியை ஆகஸ்ட் கடைசியில் திருப்பித் தருவதாக ஏற்பாடு. அவள் தான் வேலை செய்யும் இரத்தப் பரிசோதனை ஆய்வகத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை பார்த்து வைத்திருந்தாள். பெண்ணிடம் எப்போது சொல்வது என்பதில் மட்டும் இருவரும் ஒரு நிமிடம்கூட விவாதிக்கவில்லை. தேர்வு முடிந்த பிறகு.

இந்த ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். பிள்ளை பன்னிரண்டாவது என்றால் அந்த வருடம் வீட்டில் டிவி பேசாது, விருந்தாளி வர மாட்டார், எந்தக் கெட்ட செய்தியும் வாசல் தாண்டாது. மே மாதம் ஸ்டெர்யோஸின் சூலா அத்தை இறந்தபோது இரண்டு பேரும் கறுப்பு உடையைப் பையில் வைத்து எடுத்துக்கொண்டு போய், காரிலேயே மாற்றி, அடக்கம் முடிந்து, மறுபடி காரிலேயே மாற்றிக்கொண்டு வந்தார்கள். கார் சர்வீஸுக்குப் போயிருந்தோம் என்றார்கள். ஸ்டெர்யோஸ் வரவேற்பறை சோபாவில் படுக்க ஆரம்பித்ததற்கும் தேர்வுதான் காரணம்: அவனுடைய குறட்டை பிள்ளையின் தூக்கத்தைக் கெடுக்கும்.

எழுத்துத் தேர்வு முடிந்ததும், செய்முறைத் தேர்வு இருக்கிறதே என்றார்கள். அது முடிந்ததும், மதிப்பெண் வரட்டும் என்றார்கள். இப்போது பட்டியல்.

செருப்பு சோபாவுக்கு அடியில் இருந்தது. ஸ்டெர்யோஸ் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். தூங்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

*

ஆய்வகத்தில் காலை ஏழிலிருந்து ஒன்பது வரை வெறும் வயிற்றோடு வந்தவர்களின் நேரம். பசித்தவர்கள் எரிச்சலாகத்தான் இருப்பார்கள். கலியோப்பி நரம்பைத் தட்டி, ஊசியைப் போட்டு, குழாயில் பெயர் ஒட்டி, அடுத்தவரைக் கூப்பிட்டாள். ஒரு கிழவர் தன் நரம்பு ஓடி ஒளிவதில் கெட்டிக்காரன் என்றார். அவள் முதல் தடவையிலேயே பிடித்துவிட்டதில் அவருக்குச் சற்று ஏமாற்றம்.

ஒன்பதரைக்குப் பின்வாசலில் நின்று ஸ்டெர்யோஸுக்குப் போன் செய்தாள். கோடை விடுமுறையில் அவன் நகராட்சிக் குளத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித் தருகிறான். பின்னால் விசில் சத்தமும், தண்ணீரில் யாரோ தொப்பென்று விழும் சத்தமும் கேட்டன.

இன்றைக்கே சொல்லிவிட வேண்டும் என்றாள். பட்டியல் போன பிறகு சொன்னால் பிரயோஜனம் இல்லை.

அவன் யாரையோ கரையைப் பிடி என்று அதட்டிவிட்டுத் திரும்பி வந்தான். இன்றைக்குச் சொன்னால் அவள் அழுதுகொண்டே பட்டியல் போடுவாள் என்றான். அழுதுகொண்டு போடும் பட்டியலில் எந்த ஊர் முதலில் வரும் என்று யாருக்குத் தெரியும். கோபத்தில் கொமோத்தினி என்று எழுதிவிட்டு நாட்டின் அந்தக் கோடிக்குப் போய் உட்கார்ந்தால்? படிப்பே வேண்டாம் என்றால்? மதியம் நானே அவளை தெசலோனிகிக்குச் சம்மதிக்க வைக்கிறேன், நாளைக்குக் காலையில் நிதானமாகச் சொல்லலாம் என்றான்.

"ஆறு நாளா அதைத்தான் சொல்ற."

"நீ மட்டும் என்ன பண்ண? நீயும்தான் ஆறு நாளா அந்த வீட்டுல இருக்க." பிறகு குரலைத் தாழ்த்தினான். "அவ இங்கயே படிச்சா உன்கூடத்தான் இருப்பா, பொப்பி. அது உனக்கும் தெரியும்."

பொப்பி என்று அவன் செல்லமாகக் கூப்பிட்டு வெகு நாளாகியிருந்தது. அவள் போனை வைத்தாள்.

அவன் சொன்னதில் தவறில்லை. செவ்வாய்க்கிழமை அவள் அந்த அறையின் சொந்தக்காரிக்குப் போன் செய்து, இரண்டு பேர் இருக்கலாமா என்று கேட்டிருந்தாள். தாராளமாக, ஒரு மடிக்கும் கட்டில் போட்டால் போதும் என்று அந்த அம்மாள் சொன்னாள். அன்றிலிருந்து அந்த அறையை நினைக்கும்போதெல்லாம் அதில் இரண்டு கட்டில்கள் இருந்தன. காலையில் இரண்டு காபி. சாயந்திரம் கதவு திறக்கும் சத்தம். அவள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், பெண் கூடவே இருப்பாள்.

உள்ளிருந்து யாரோ கூப்பிட்டார்கள். கையுறையை மாட்டிக்கொண்டு போனாள்.

*

பன்னிரண்டு மணிக்கு வேலை முடிந்து கலியோப்பி வந்தபோது, டியூஷன் சென்டர் வாசலில் அரெத்தி சைக்கிளோடு நின்றிருந்தாள். வெயிலில் முகம் சிவந்திருந்தது. வாயோஸ் சார் கடைசியாக ஒரு முறை பட்டியலைப் பார்த்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தார். மூன்று வருடம் அவளுக்கு உயிரியல் நடத்தியவர். அன்று மட்டும் நாற்பது பட்டியல்கள் பார்த்திருந்தார். மேஜையில் மூன்று ஐஸ் காபி டம்ளர்கள் காலியாக இருந்தன.

அவர் மேலே கீழே பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தபோதும் முதல் வரியில் திரிகலாதான் இருந்தது.

இங்கே இருக்கும் துறையில் ஒரு குறையும் இல்லை, என் தம்பி மகனே அங்கேதான் படித்தான் என்று ஆரம்பித்தார். ஆனால் பத்தாவதிலிருந்து இந்தப் பெண் என்னிடம் சொல்லிக்கொண்டிருப்பது தெசலோனிகி ஆய்வுக்கூடத்தைப் பற்றி. இப்போது அதற்கான மதிப்பெண் கையில் இருக்கிறது. என்ன ஆயிற்று?

"கல்யாணத்துக்கு வந்துட்டுச் சாப்பிடாம போறவளை இப்பத்தான் பாக்கறேன்," என்றார். பிறகு அம்மா பக்கத்தில் இருப்பதைப் பொருட்படுத்தாமல், "யாராவது பையனா?" என்று கேட்டார்.

"இந்த ஊர்ப் பசங்க எல்லாரையும் ஒண்ணாங்கிளாஸ்லேருந்து தெரியும் சார். மூக்கு நோண்டினது எல்லாம் ஞாபகம் இருக்கு. பையனுக்காகன்னா தெசலோனிகிதான் போட்டிருப்பேன்."

அவர் சிரித்தார். கலியோப்பியும் சிரிக்க வேண்டியிருந்தது. உங்க அப்பா என்ன சொல்கிறார் என்று கேட்டார். அப்பா தெசலோனிகியில் படித்தவர், அதனால் அதைத்தான் சொல்வார் என்றாள் அரெத்தி. அம்மா? அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

வாயோஸ் சார் கலியோப்பியைப் பார்த்தார். கலியோப்பி அவர் பின்னால் சுவரில் தொங்கிய தசைப் படத்தைப் பார்த்தாள்.

வெளியே வந்து ஆற்றோரமாக நடந்தார்கள். அரெத்தி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பிளேன் மரங்களுக்கு அடியில் கொஞ்சம் நிழல் இருந்தது. அந்த ஆய்வுக்கூடத்தை அவள் பார்த்தது பதினைந்து வயதில், ஓட்டப் போட்டிக்காக தெசலோனிகி போனபோது. ஓடும் எந்திரத்தில் ஏற்றி, முகத்தில் ஒரு முகமூடியைப் பொருத்தி, மூச்சில் எவ்வளவு ஆக்சிஜன் செலவாகிறது என்று அளந்தார்கள். மற்ற பெண்கள் எல்லாம் எப்போது இறக்கி விடுவார்கள் என்று காத்திருந்தார்கள். அரெத்தி இறங்க மாட்டேன் என்றாளாம். திரையில் ஏறிக்கொண்டிருந்த கோடு எங்கே நிற்கும் என்று பார்க்க வேண்டியிருந்தது. அன்று இரவு ரயிலில் வந்து இறங்கியவள், களைப்பு தசையில் ஆரம்பிக்கிறதா மூளையில் ஆரம்பிக்கிறதா என்று யாருக்கும் இன்னும் முழுதாகத் தெரியாதாம் என்று மூச்சு விடாமல் சொன்னாள். யாருக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது என்பதில் அவளுக்கு அத்தனை சந்தோஷம்.

"உனக்கு எங்கம்மா ஆரம்பிக்குது?" என்று இப்போது கேட்டாள்.

"என்னது?"

"களைப்பு. உன் மூஞ்சியப் பாத்தா பாவமா இருக்கு."

"கால்ல," என்றாள் கலியோப்பி.

"பொய்," என்றாள் பெண், அலட்டிக்கொள்ளாமல்.

பாலத்தருகே ஒரு பெஞ்சு காலியாக இருந்தது. அங்கே உட்கார வைத்துச் சொல்லிவிடலாம் என்று கலியோப்பி நினைத்தாள். முதல் வாக்கியத்தை மனதில் சரி செய்தாள். பெஞ்சு வந்தது. அதைத் தாண்டினார்கள். ரொட்டி வாங்க வேண்டும், கடை மூடிவிடுவான் என்று அவள் சொன்னாள்.

*

இரண்டரை மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தார்கள். காலையிலேயே சுரைக்காய் துருவிப் போட்டு பட்சினா என்ற அடையைச் சுட்டு வைத்திருந்தாள். அது ஆறிப்போயிருந்தது, இந்த வெயிலில் ஆறியதுதான் நன்றாக இருந்தது. ஸ்டெர்யோஸின் தலையில் குளத்துக் குளோரின் வாசனை அடித்தது. அரெத்தி மடிக்கணினியைத் தட்டுக்குப் பக்கத்திலேயே திறந்து வைத்திருந்தாள்.

ஸ்டெர்யோஸ் தன் வேலையை ஆரம்பித்தான். தெசலோனிகியில் கடற்கரை ஓரமாக எத்தனை தூரம் ஓடலாம், மாணவர் விடுதி எங்கே இருக்கிறது, தான் படித்த காலத்தில் யாரோடு தங்கினான் என்று சொல்லிக்கொண்டே போனான். நன்றாகத்தான் பேசினான். பத்து வருடத்துக்கு முன்பு அவன் இப்படிப் பேசும்போது கலியோப்பி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பாள். அரெத்தி தலையை ஆட்டிக்கொண்டே பட்சினாவை முடித்தாள்.

"எல்லாம் சரிப்பா. நான் திரிகலாதான் போடறேன்."

"காரணம் சொல்லு. ஒரே ஒரு காரணம்."

"நீங்க எல்லாத்துக்கும் காரணம் சொல்லிட்டுத்தான் செய்வீங்களா? சூலா பாட்டி செத்ததையே ஒன்றரை மாசம் சொல்லல. இன்னும் யாராவது செத்திருந்தா இப்பவே சொல்லிடுங்க, மொத்தமா அழுதுக்கறேன்."

கேலியாகத்தான் சொன்னாள். மேஜையில் யாரும் சிரிக்கவில்லை. ஸ்டெர்யோஸ் தண்ணீர் ஜாடியை எடுத்து, ஏற்கெனவே நிறைந்திருந்த டம்ளரில் ஊற்றப் போய், நிறுத்தினான்.

"சரி, உன் இஷ்டம்," என்றான். களைத்துப்போன குரல். "போடு. போட்டு முடி. எல்லாரும் கொஞ்சம் படுக்கலாம்."

மூன்று மணி அடித்திருந்தது. மதிய உறக்க நேரம். மாடியிலும் கீழேயும் ஜன்னல் பலகைகளை இறக்கும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டு அடங்கியது. தெருவில் ஒரு ஸ்கூட்டர்கூட இல்லை.

அரெத்தி தட்டைத் தள்ளி வைத்து, கணினியை இழுத்துக்கொண்டாள். வரிசையை ஒரு முறை விரலால் தொட்டுப் படித்தாள். திரிகலா. தெசலோனிகி. ஆதென்ஸ். செர்ரெஸ். கொமோத்தினி. கடைசியில் ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்திவிட்டால் பட்டியல் பூட்டிக்கொள்ளும், பிறகு அமைச்சரே வந்தாலும் மாற்ற முடியாது என்று வாயோஸ் சார் பத்துத் தடவை சொல்லியிருந்தார்.

அவள் அழுத்தவில்லை. திரையைப் பார்த்தபடியே பேசினாள்.

"சொன்னா சிரிக்கக் கூடாது. இந்த வருஷம் பூரா வீடு எனக்காக அமைதியா இருந்துச்சு. டிவி இல்ல, சத்தம் இல்ல. நான் ரூமுக்குள்ள உக்காந்துட்டு, பரீட்சை முடிஞ்சா எல்லாம் பழையபடி ஆயிடும்னு நெனச்சேன். முடிஞ்சுது. ஆகல. நீங்க ரெண்டு பேரும் பேசவே மறந்துட்டீங்க. நான் இருந்தாத்தான் உப்பை எடுன்னாவது சொல்றீங்க, அதுவும் என்கிட்ட. எனக்காக வாயை மூடிட்டு இருந்து இருந்து, இப்ப எப்படித் திறக்கறதுன்னு தெரியல உங்களுக்கு. நானும் போயிட்டா இந்த மேஜைல என்ன பண்ணுவீங்க? கொஞ்ச நாள் நான் இருக்கேன். நாலு வருஷம்தானே. தெசலோனிகி எங்க போயிடப் போகுது, மேல படிக்க அங்க போறேன்."

ஸ்டெர்யோஸ் கலியோப்பியைப் பார்த்தான். பெண்ணுக்குத் தெரியாதபடி, மிக லேசாகத் தலையை அசைத்தான். வேண்டாம். அழுத்தட்டும். நாளைக்கு.

கலியோப்பிக்கு அந்த அறை தெரிந்தது. இரண்டு கட்டில்கள். பெண் கல்லூரியிலிருந்து வந்து, சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, இன்றைக்கு என்ன என்று கேட்பாள். அதற்கு யாரும் யாரையும் ஏமாற்றக்கூட வேண்டியதில்லை. இன்னும் ஐந்து வினாடி இப்படியே உட்கார்ந்திருந்தால் போதும். உடம்பு முழுவதும் அதையே கேட்டது. பேசாதே, படுத்துக்கொள் என்றது.

அரெத்தி விரலைப் பொத்தானுக்குக் கொண்டுபோனாள்.

"கையை எடு," என்றாள் கலியோப்பி.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் அரெத்தி கையை எடுத்துவிட்டாள். ஸ்டெர்யோஸ் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தான், எங்கும் போகாமல் அங்கேயே நின்றான்.

"எங்களுக்காக எந்த ஊரையும் போடாத. நீ காப்பாத்தறதுக்கு இங்க ஒண்ணும் மிச்சம் இல்ல, கண்ணு."

"என்னம்மா?"

கலியோப்பி கணவனைப் பார்க்கவில்லை. ஆற்றோரத்தில் சரி செய்து வைத்த முதல் வாக்கியம் மறந்துபோயிருந்தது. இருந்ததை இருந்தபடியே சொன்னாள்.

"நானும் உங்க அப்பாவும் பிப்ரவரியிலயே பிரிஞ்சிட்டோம்."